பத்து மதிப்பெண் போட ஆள் வேண்டும்



என் குரல் உங்கள் வீடு வந்து சேர்வது வானொலி அலையில் ஏறித்தான். இன்று நான் பேசப்போவதும் அதே அலையை நம்பிப் பறக்கும் ஒன்றைப் பற்றி. ஆர்.சி. விமானம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த ரேடியோ கண்ட்ரோல் விமானத்தை வைத்து நடத்தும் ஏரோபாட்டிக்ஸ் போட்டி, அதாவது வான்சாகசப் போட்டி. விமானம் கடையில் கிடைக்கிறது. பறக்கவிடக் கற்றுக்கொடுக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஆனால் காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரத்தில், மதிப்பெண் போட்டு நடத்தும் போட்டி ஒன்று உண்டா என்று தேடிப் பாருங்கள். இந்த விளையாட்டை வளர்த்த அமெரிக்காவிலேயே பல வட்டாரங்களில் அது அரிதாகிவிட்டது. நம் பக்கமோ, அது பெருகியதே இல்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் போட்டி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நேரில் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பெரிய புல்வெளி. அதில் மட்டமாக்கிய ஓடுதளம். ஓரத்தில் விமானி நிற்கிறார். கழுத்துப் பட்டையில் டிரான்ஸ்மிட்டர், இரண்டு குச்சிகளின் மேல் விரல்கள். அவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் நின்று, அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருப்பார். காலர் என்பார்கள் அவரை. விமானி வானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாதல்லவா? இவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு நடுவர்கள். ஒவ்வொரு நடுவருக்கும் பக்கத்தில் மதிப்பெண் எழுத ஒருவர். காரணம் அதேதான், நடுவரும் குனியக் கூடாது.

எஃப்.ஏ.ஐ. என்ற சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பு இதற்கு எஃப்3ஏ என்று பிரிவு வைத்திருக்கிறது. விமானம் 2 மீட்டர் நீளத்துக்குள்ளும் 2 மீட்டர் இறக்கைக்குள்ளும் அடங்க வேண்டும். எடை 5 கிலோவை ஒட்டி இருக்கும். விமானிக்கு எதிரே சுமார் 150 மீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். இடப்பக்கம் 60 டிகிரி, வலப்பக்கம் 60 டிகிரி, மேலேயும் 60 டிகிரி. பள்ளிக்கூடத்துத் திரிகோணமிதியை வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பெட்டி அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமும் கிட்டத்தட்ட 260 மீட்டர் உயரமும் உடையது. இந்த 260-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அது நம்மை வம்புக்கு இழுக்கும்.

ஒவ்வொரு சாகசமும் 10 மதிப்பெண்ணில் தொடங்குகிறது. தப்புக்குத் தப்பு குறைத்துக்கொண்டே வருவார்கள். லூப் என்றால் செங்குத்தாக ஒரு வட்டம். சொல்ல எளிது. மேலே போகும்போது விமானம் வேகம் இழக்கும், இறங்கும்போது பாயும், பக்கக்காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். எதையும் திருத்தாமல் விட்டால் வட்டம் நசுங்கிவிடும். ஏறும் கோடு சுமார் 15 டிகிரி சாய்ந்தால் ஒரு மதிப்பெண் போய்விடும். பிறகு ஒவ்வொரு சாகசத்துக்கும் அதன் கடினத்துக்கு ஏற்றபடி கே-ஃபேக்டர் என்ற எண்ணால் பெருக்குவார்கள். சுற்றில் முதலாவது வந்தவருக்கு 1000 புள்ளி; மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில்.

ஆகவே இது சர்க்கஸ் இல்லை. தரையை உரசிக்கொண்டு அந்தரத்தில் நிற்பது, புகை விடுவது, கூட்டம் விசிலடிப்பது எல்லாம் 3டி என்ற வேறு ஆட்டம். அதையும் நான் ரசிப்பவன்தான். ஆனால் கோடு போடுவதும் வட்டம் போடுவதும் வேறு வித்தை. பேட்டர்ன் என்று இதற்குப் பேர். தான் போட்ட வட்டம் வட்டமாக இருந்ததா என்பது போட்டவருக்கு ஒருநாளும் சரியாகத் தெரியாது. மனசு அதைத் திருத்திக் காட்டிவிடும். வேறொருவர் உட்கார்ந்து ஏழரை என்று சொல்லும்போதுதான் உறைக்கும். போட்டி வேண்டும் என்று நான் சொல்வது கோப்பைக்காக இல்லை, அந்த ஏழரைக்காக.

இதன் முதல் உலகப் போட்டி 1960-இல் சுவிட்சர்லாந்தின் டூபன்டோர்ஃப் நகரில் நடந்தது. வென்றவர் அமெரிக்காவின் எட் காஸ்மிர்ஸ்கி. அவர் கையிலிருந்த ரேடியோவில், குச்சியைக் கொஞ்சம் தள்ளினால் விமானம் கொஞ்சம் திரும்பும் என்ற வசதியெல்லாம் கிடையாது. சுவிட்சைத் தட்டினால் துடுப்பு முழுசாகத் திரும்பும்; விட்டால் நடுவுக்கு வந்துவிடும். தட்டித் தட்டியே அந்த மனிதர் வட்டம் போட்டிருக்கிறார்! 1967-இல் கோர்சிகாவில் ஃபில் கிராஃப்ட் வென்றார். தானே வடிவமைத்த விமானம்; ரேடியோவும் அவருடைய சொந்த கம்பெனியின் தயாரிப்பு. 1975-இல் வென்ற வுல்ஃப்காங் மாட், லீக்டன்ஸ்டைன் நாட்டுக்காரர். நம் ஊர்ப் பேரூராட்சி ஒன்றின் ஜனத்தொகைதான் அந்த நாட்டுக்கு. ஆனால் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் வாசலிலேயே இருக்கின்றன. போட்டிக்குப் போக விடியற்காலையில் காரை எடுத்தால் போதும்.

அந்தக் காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் விமானமும் போட்டி விமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். பால்சா மரக்கட்டையை அறுத்து, ஒட்டி, தேய்த்து, 10 சி.சி. எஞ்சின் ஒன்றை மாட்டினால் உலக சாம்பியன் வைத்திருப்பதற்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடலாம். திறமைதான் வித்தியாசம். பிறகு விதிகள் மாறின. எஞ்சின் அளவுக்கு இருந்த வரம்பு போய், 2 மீட்டர் என்ற அளவே வரம்பானது. கொடுத்த அளவை முழுக்க நிரப்பாமல் யார் விடுவார்கள்? விமானம் பெருத்தது, கூடவே விலையும். இன்று முன்னணிப் போட்டி விமானம் ஒன்றைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவரப் பல ஆயிரம் டாலர் வேண்டும்.

இன்னொரு மாற்றம் 1980-களில் வந்தது. அதற்கு முன் விமானி எதிரே கடந்து போகும்போது ஒரு சாகசம் காட்டுவார், தூரமாகப் போய்த் திரும்பி வருவார், அடுத்ததைக் காட்டுவார். திரும்பி வரும் நேரம் மூச்சு விடுவதற்கு. புதிய முறையில் அந்தத் திரும்பலும் ஒரு சாகசம். அதற்கும் மதிப்பெண் உண்டு. ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரே சங்கிலி. பார்க்க அழகுதான், விளையாட்டையும் அது உயர்த்தியது. ஆனால் புதிதாக வருகிறவன் வயிற்றில் புளியைக் கரைத்ததும் அதுதான்.

1974-இல் லாஸ் வேகாஸில் சூதாட்ட ஓட்டல் அதிபர் பில் பென்னட் 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' என்ற அழைப்புப் போட்டியைத் தொடங்கினார். பெரிய பரிசுத்தொகை, உலகின் தலைசிறந்த விமானிகள். ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர் அங்கே திரும்பத் திரும்ப வென்று புராணமாகவே ஆகிவிட்டார். நிஜ விமானங்களின் உருவில் பெரிய மாடல்களைப் பறக்கவிடும் ஐமாக் என்ற அமைப்பும் அந்த உற்சாகத்தில் பிறந்ததுதான். ஆனால் பென்னட் 2002-இல் மறைந்ததும் அந்தப் போட்டியும் நின்றுபோனது. ஒரு தனவானின் ஆசையில் நின்ற கோபுரம் அவரோடு போவதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. லாஸ் வேகாஸ் போட்டி நின்றதால் எந்தக் கிராமத்துப் பையனும் பறப்பதை விடவில்லை. அடுத்த ஊர்க் கிளப் தன் போட்டியை நிறுத்தும்போதுதான் அவன் விடுகிறான்.

விலை ஏறிவிட்டது, சட்டம் இறுகிவிட்டது, பிள்ளைகள் செல்போனில் மூழ்கிவிட்டார்கள் என்று காரணம் அடுக்குவார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நகரம் வீங்க வீங்க மைதானம் பறிபோகிறது. பக்கத்தில் குடிவந்தவர் சத்தம் என்று புகார் கொடுக்கிறார். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல், கால் கிலோவுக்கு மேற்பட்ட விமானம் தன் அடையாளத்தைத் தானே ஒலிபரப்ப வேண்டும், அல்லது அதற்கென அங்கீகரித்த மைதானத்தில்தான் பறக்க வேண்டும். சரி. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். முன்பெல்லாம் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் ஒரு விமானம் தரையில் குத்திக்கொள்ளும். மைதானத்தில் பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒரு கிளிப் மாட்டி, கிளிப் கையில் உள்ளவர் மட்டும் பறக்கவிட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்து அந்தத் தலைவலி ஒழிந்தது. பேட்டரியும் மோட்டாரும் வந்து எண்ணெய் வழிதல் ஒழிந்தது. கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்து நூறு முறை விழுந்து எழலாம், காசு செலவில்லை. இத்தனை கதவு திறந்த பிறகும் போட்டி குறைகிறது என்றால், சிக்கல் விமானியிடம் இல்லை.

நாற்காலியில் இருக்கிறது.

உள்ளூர்ப் போட்டிக்குச் சம்பளம் வாங்கும் நடுவர் கிடையாது. தொடக்கப் பிரிவு பறக்கும்போது மேல்பிரிவுக்காரர்கள் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். பிறகு இடம் மாறுவார்கள். அமெரிக்காவிலும் இப்படித்தான். இருபது பேர் வந்தால் இது சுகமாக நடக்கும். நிழலில் உட்கார்ந்து வடை தின்னக்கூட நேரம் இருக்கும். ஆறே பேர் வந்தால் என்ன ஆகும்? ஒருவர் பறக்கவிட, ஒருவர் காலர், இருவர் நடுவர், இருவர் எழுத்தர். மிச்சம் யாரும் இல்லை. தன் விமானத்துக்குப் பேட்டரி மாட்டக்கூட எழுந்து போக முடியாது. நாள் முழுக்க வெயிலில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வீடு போனவர்களில் இரண்டு பேர் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். நாலு பேரை வைத்துப் போட்டி நடத்த முடியாது. நடத்தாவிட்டால் புதியவர் கற்க வழியில்லை, புதிய நடுவரும் உருவாக மாட்டார்.

இன்னொன்று, கிளப் மைதானத்தைச் சனி ஞாயிறு இரண்டு நாளும் போட்டிக்கு விட்டுவிட்டால், போட்டியில் சேராத உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். ஆறு பேருக்காக அறுபது பேர் பறக்காமல் இருப்பதா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் பல போட்டிகள் சத்தமில்லாமல் காலண்டரிலிருந்து நழுவுகின்றன.

இதை உணர்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஐமாக்கின் பேசிக் பிரிவில் நிஜ விமானத்தின் உருவம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையில் இருப்பதைக் கொண்டுவரலாம். அமெரிக்காவின் தென்கிழக்கில் சீனியர் பேட்டர்ன் அசோசியேஷன் என்று ஒன்று, 1976-க்கு முன் வடிவமைத்த பழைய மாடல்களை வைத்துப் போட்டி நடத்துகிறது. பெயர் முதியோர் சங்கம் மாதிரி ஒலித்தாலும் யோசனை கெட்டிக்காரத்தனமானது. விமானத்தின் விலையில் ஆளுக்கு ஆள் போட்டி போட வழியே வைக்கவில்லை பாருங்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். இந்தியாவில் ஏரோமாடலிங்கே இல்லை என்று சொல்ல முடியாது. என்.சி.சி. விமானப் பிரிவு ஆண்டுதோறும் அகில இந்திய வாயு சைனிக் முகாம் நடத்துகிறது. மாநில இயக்ககங்களின் கேடட்கள் தாங்களே செய்த மாடல்களோடு அங்கே மோதுகிறார்கள். போயிங் நிறுவனம் ஐ.ஐ.டி.களோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய ஏரோமாடலிங் போட்டி நடத்தியிருக்கிறது. நடிகர் அஜித்குமாருக்கு இந்தப் பைத்தியம் உண்டு என்பது ரசிகர்கள் அறிந்தது. அவர் ஆலோசகராக இருந்த சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' அணி 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. பெருமைதான். ஆனால் அங்கே ட்ரோன் செய்ய வேண்டியது, தொலைவில் இருக்கும் ரத்த மாதிரியை எடுத்து வருவது. கல்லூரிப் போட்டிகளிலும் எவ்வளவு பாரம் தூக்கியது, எவ்வளவு கச்சிதமாகக் கட்டினார்கள் என்பதற்கே முதல் மரியாதை. கல்லூரி விழாக்களில் யாராவது ஒரு கெட்டிக்காரர் 3டி காட்டி அசத்துவார்; மாணவர்கள் கைதட்டுவார்கள். வட்டம் வட்டமாக இருந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடும் நாற்காலி அங்கே இருக்காது.

சட்டமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், நாலு விசிறி வைத்த ட்ரோனை மட்டும் சொல்லவில்லை. இறக்கை வைத்த ஆளில்லா விமானமும் அதற்குள் வரும். பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் கண்பார்வைக்குள் பறக்கும் 25 கிலோ வரையிலான மாடல்களுக்குத் தனி வகை வைத்து, வகைச் சான்றிதழ் போன்ற சில சுமைகளிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டியது. ஆனால் வானத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசியிருக்கிறார்கள். அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை வலயம் 400 அடி வரைதான், அதாவது சுமார் 120 மீட்டர். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. அதற்கு மேலே மஞ்சள்; விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும்.

இப்போது அந்த 260 மீட்டரை எடுங்கள். சர்வதேச விதிப்படி 150 மீட்டர் தள்ளிப் பறக்கும் விமானம், பெட்டியின் உச்சியைத் தொடும்போது பச்சை வலயத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. பெரிய போட்டிக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கலாம். ஆனால் வாராவாரம் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு யார் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

வழி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பெட்டியைச் சுருக்கிவிடலாம். ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் இறக்கை உள்ள ஃபோம் விமானம் ஒரு கிலோ எடை வரும். அதை 150 மீட்டர் தள்ளிப் பறக்கவிட்டால் புள்ளியாகத்தான் தெரியும். நடுவருக்கும் பயன் இல்லை. 65 மீட்டரில் பறக்கவிடுங்கள். அதே 60 டிகிரிக் கோணத்தில் உச்சி 113 மீட்டருக்குள் முடிந்துவிடும். அகலம் 225 மீட்டர். ஏழெட்டு ஏக்கர் வெற்றுநிலம் போதும். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி, அறுவடை முடிந்த வயல், எது வேண்டுமானாலும் ஆகும். ஆட்கள் எல்லோரும் விமானிக்குப் பின்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ரேடியோவும் விமானமும் சேர்ந்து சுமாரான ஸ்மார்ட்ஃபோன் விலைக்குள் வந்துவிடும். உலகப் போட்டிக்கு இது ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை.

பெரிய இடமே வேண்டும் என்பவர்களுக்கும் தமிழ்நாட்டில் உதாரணம் இருக்கிறது. சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயத் திடலாக இருந்தது. அங்கே கூடிய ஆர்வம்தான் பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயப் பாதையாக மாறியது. கயத்தாறிலும் உளுந்தூர்பேட்டையிலும் அதே காலத்து ஓடுதளங்கள் உண்டு. அவற்றை நிரந்தரமாகக் கேட்க வேண்டாம். வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேட்டால் போதும்.

இடம் கிடைத்தாலும் நாற்காலிக்கு ஆள் வேண்டுமே. நம் ஊரில் சதுரங்கம் எப்படி வளர்ந்தது? மெட்ராஸில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஓயாமல் விளையாடினார் என்பது ஊரறிந்த கதை. அதன் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சு போட்டு, ஞாயிறுதோறும் சின்னச் சின்னப் போட்டி நடத்தி, தோற்ற பையனுக்கும் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்த ஆர்பிட்டர்கள், அதாவது சதுரங்க நடுவர்கள், இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் கிராண்ட்மாஸ்டர்கள் இத்தனை பேர் இங்கே முளைத்திருக்க முடியாது.

எனவே ஏரோநாட்டிக்கல் துறை வைத்திருக்கும் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும், என்.சி.சி. விமானப் பிரிவு அதிகாரிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை கூடிப் பறக்கவிடும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒருநாள் போட்டி ஒன்று வையுங்கள். ஏறுதல், ஒரு லூப், விமானம் தன் அச்சில் ஒரு சுற்றுச் சுழலும் ரோல், செங்குத்தாக ஏறி வேகம் அடங்கியதும் பக்கவாட்டில் திரும்பி இறங்கும் ஸ்டால் டர்ன், இறங்குதல் என்று ஐந்தே அயிட்டம் இருக்கட்டும். எந்த விமானமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசுக்கு ஸ்பான்சர் தேடி அலைய வேண்டாம். அந்த நேரத்தில் நாலு பேரை உட்காரவைத்து மதிப்பெண் போடப் பழக்குங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி நடத்துங்கள். இடம் மாறினால் வந்தவர்கள் சிதறிவிடுவார்கள்.

பறக்கவிடத் தெரியாத நேயர்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது மாடல் விமானம் பறக்கவிட்டால், அருகில் போய் நாலு வார்த்தை பேசுங்கள். போட்டி வைத்தால் நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். வேண்டியது ஒரு தொப்பியும் ஒரு பேனாவும்தான்.